படுக்கைவிரிப்புக் கூரை

கேசிகாவின் வீடு இத்தாலியின் பலெர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். ஆனால் பின்கதவைத் திறந்தால் பெரிய மொட்டைமாடி. கோடையில் அங்கே கால் வைக்க முடியாது, தோசைக்கல்லாகச் சுடும்.

அங்கே கூரை போடப்போவதாக அப்பா சொன்ன நாளிலிருந்து கேசிகாவின் வாயில் வேறு பேச்சே இல்லை. வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். கூரைக்குக் கீழே சாப்பாட்டு மேசை வரும். சமையல் செய்யும் குசினியில் ஒருவர் முழங்கை மற்றவர் தட்டில் இடிக்க, அம்மா நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டை ஒட்டிய குட்டைச் சுவரோரம் இருந்த மூலை கேசிகாவுக்கு என்று முடிவானது. அங்கே உட்கார்ந்து அவள் படம் வரையலாம்.

அப்பா விக்னராஜாவுக்கு உதவ றஞ்சித் மாமா வந்தார். அவர் தச்சுப் பட்டறையில் வேலை செய்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மரத்தூண்களை நிறுத்தி, குறுக்குச் சட்டங்களையும் பூட்டிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு மேலே பலகை அடிப்பதாக ஏற்பாடு.

அதற்கு முதல்நாள் சனிக்கிழமை, கொடியில் கிடந்த தம்பி கஜானனின் பனியன் காற்றில் பறந்து பக்கத்து மாடியில் விழுந்தது. எடுத்து வரக் கேசிகா போனாள்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் சிஞ்ஞோரா நுன்சியா. இத்தாலியில் பெண்களை மரியாதையாகச் 'சிஞ்ஞோரா' என்பார்கள். சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு கோடையிலும் அவர் தக்காளியை அரைத்து, உப்புச் சேர்த்து, அகலமான பலகைகளில் பூசி மாடி வெயிலில் காயவைப்பார். நாள் போகப்போக அது இறுகி, கருஞ்சிவப்புக் களியாகும். அதை வாங்கவென்றே அவரது கடைக்கு ஆட்கள் வருவார்கள்.

இப்போது அந்தப் பலகைகள் கயிற்றால் கட்டப்பட்டு, வாசலோரம் சாய்ந்து நின்றன.

இந்த வருடம் தக்காளி காயவைக்கவில்லையா என்று கேசிகா இத்தாலிய மொழியில் கேட்டாள். பலகைகளைப் பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கும் தங்கைக்குக் கொடுக்கப்போவதாகவும், தனக்குக் கைவலி என்றும் சிஞ்ஞோரா சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு தக்காளிப் பெட்டியை அலாக்காகத் தூக்கி மேசையில் வைத்தார்.

கேசிகா அந்தக் கைகளையே பார்த்தாள். சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாக உண்மையைச் சொன்னார். கூரை வந்தால் மாலை வெயில் அவருடைய மாடிக்கு வராது. தூண்கள் எழும்பிய பிறகுதான் அவருக்கே அது விளங்கியது. ஆனால் கூரை போடலாமா என்று அப்பா வந்து கேட்டபோது, தாராளமாகப் போடுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். இந்தச் சின்னக் குசினியில் நான்கு பேர் படும் பாட்டை அவர் பார்க்காதவரா?

"வாயால சொன்னது சொன்னதுதான். நீ போய் அப்பாட்டைச் சொல்லாதை," என்றார்.

கேசிகா பனியனோடு வீட்டுக்கு வந்தாள். மூலையில் போய் நின்றாள். அவள் ஆசைப்பட்ட மூலை. அதற்கு மேலே வரப்போகும் பலகைகள்தான் சிஞ்ஞோராவின் வெயிலை மறைக்கப்போகின்றன. சொன்னால் கூரையே வேண்டாம் என்று அப்பா விட்டுவிடுவாரோ? சொல்லாமல் இருந்தால்? இரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் றஞ்சித் மாமா பலகைகளோடு வந்தபோது, கேசிகா கட்டிலில் இருந்த பெரிய படுக்கைவிரிப்பை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அதில் வரிசையாக யானைப் படங்கள்.

"அப்பா, ஆணி அடிக்க முதல் இதைக் கட்டிப் பாப்பமா? நிழல் எங்கை விழுதெண்டு தெரியும்தானே," என்றாள்.

மாமாவுக்கு அந்த யோசனை பிடித்தது. விரிப்பைச் சட்டங்களில் இழுத்துக் கட்டினார்கள். ஒரு முனை எட்டாததால், நிழலைப் பார்க்கும்போதெல்லாம் கஜானன் கதிரையில் ஏறி அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன்னைக் கொடிக்கம்பம் ஆக்கிவிட்டார்கள் என்று முறையிட்டான். மத்தியானம் நிழல் அவர்களுடைய மாடியிலேயே கிடந்தது. வெயில் சாயச் சாய அது நகர்ந்தது. சுவரில் ஏறியது. சுவரைத் தாண்டியது. கடைசியில் சிஞ்ஞோராவின் மாடியில் பாதியை மூடிக்கொண்டது.

அப்பா சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். அந்த மாடி வெறுமையாகக் கிடந்தது.

"இஞ்சைதானே அவா தக்காளி காயவைக்கிறவா," என்றார்.

 

கூரையைச் சின்னதாக்கலாம், ஆனால் கேசிகாவின் மூலை போய்விடும் என்று மாமா இழுத்தார். அப்பா மகளைப் பார்த்தார். அவளுக்கோ சந்தை நினைவுக்கு வந்தது. கபோவில் கடைக்காரர்கள் வெயில் ஏறியதும் துணிப்பந்தலை இழுத்து விடுவார்கள், பிறகு சுருக்கிக் கட்டிவிடுவார்கள்.

"என்ரை பக்கத்துக்குப் பலகை வேண்டாம். துணி போடுவம். மத்தியானம் இழுத்து விடலாம், பின்னேரம் சுருக்கலாம்."

மாமா சட்டங்களை அண்ணாந்து பார்த்தார். கம்பி கட்டி, துணியில் வளையம் தைத்தால் திரைச்சீலை மாதிரி ஓடும் என்றார். அம்மா சந்திரமதி அப்போதே தையல் பெட்டியை எடுக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோரா மாடிக்கு வந்தார். தன் தரையில் யானை விரிப்பின் நிழலைக் கண்டு திகைத்து நின்றார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் கேசிகாவை முறைத்தார்.

"நான் ஒண்டுமே சொல்லேல்லை," என்றாள் கேசிகா. "விரிப்புத்தான் சொன்னது."

சிஞ்ஞோரா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூரைப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

ஆகஸ்ட் பிறந்தபோது கூரை முடிந்திருந்தது. நால்வரும் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு, எழும்ப மனமில்லாமல் அப்படியே இருந்தார். சாப்பாடு முடிந்ததும் கேசிகா கயிற்றை இழுத்தாள். துணி சரசரவென்று சுருங்கியது. வெயில் சுவரைத் தாண்டிப் போய், பலகைகளில் பூசியிருந்த தக்காளியில் பளபளத்தது.

ஒரே ஒரு சிக்கல். துணியைச் சுருக்கினால் கேசிகாவின் மேசையிலும் வெயில் விழும். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரைந்தாள்.

திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய வைக்கோல் தொப்பி ஒன்று பறந்து வந்து, அவளுடைய படத்தின் மேல் விழுந்தது. கேசிகா அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மூக்குவரை இறங்கியது. கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, மீண்டும் பென்சிலை எடுத்தாள்.