மறுபடி அடிக்கவும்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய பகல் அது. ஆரணியில் காலையிலிருந்து காதைத் துளைத்த பவர்லூம் சத்தம் சட்டென்று அடங்கி, பட்டுக்கடையின் பின்னறையில் பேட்டரியில் ஓடும் சர்வரின் இரைச்சலும் புதுப்பட்டின் கஞ்சி வாசனையும் மட்டும் மிஞ்சிய அந்த நேரத்தில்தான், யாரோ கீபோர்டு தட்டுவது சூர்யகலாவுக்குக் கேட்டது. இரண்டு மூன்று தட்டல். அப்புறம் இல்லை.

அறையில் அவளைத் தவிர யாருமில்லை. ஆறு வருடம் எதிர்மேஜையில் உட்கார்ந்து அவளோடு கடையின் கம்ப்யூட்டர்களைக் கவனித்த சுதாகர், கண்ணமங்கலம் ரோட்டில் லாரி மோதி இறந்து பதினாறு நாள் ஆகிறது. அவனுடைய கீபோர்டை ஒயரைச் சுற்றி அலமாரியில் வைத்துச் சாத்தியவள் அவள்தான். அன்றிலிருந்து டீ குடிக்கக்கூட அவளுக்குத் துணையில்லை. சர்வரில் அவன் கணக்கை மூட மட்டும் கை வரவில்லை.

முதலாளி பன்னீர்செல்வம் போனில் கறாராகப் பேசினார். "சுதாகர் பேர்ல தினம் யாரோ சர்வர் உள்ள வந்துகினு இருக்காங்க. பாஸ்வேர்டெல்லாம் உன் கையிலதாம்மா இருக்குது. இன்னிக்குள்ள மூடு. இல்லன்னா நாளைக்கு நீ வரவேணாம்."

"நான் இல்லைங்க சார்."

"அப்ப யாரு?"

கறுப்புத் திரையில், கணக்கைப் பூட்டும் கட்டளையை, passwd -l sudhakar என்று அடித்தாள். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதுபோல இருந்தது. அழுகை வந்தது. பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். L என்று காட்ட வேண்டிய இடத்தில் P. திறந்தே இருக்கிறது. மறுபடி பூட்டினாள். மறுபடி P.

பூட்டியதைத் திறக்க சர்வரின் தலைமைப் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் சுதாகரும். அதையே மாற்றிவிடலாம் என்று, யாரிடமும் சொல்லாத, அவனிடம்கூடச் சொல்லாமல் போன ஒரு சொல்லை ஒன்பது எழுத்தில் அடித்தாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. வழக்கம்தான். அதையே மறுபடி அடிக்கச் சொல்லித் திரை கேட்டது.

விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள். துப்பட்டாவில் துடைத்தாள்.

டக்.

அலமாரிக்குள்.

டக். டக்.

எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். ஒன்பது. கடைசியாக, என்டரை அடிப்பதுபோல ஓங்கி ஒரு தட்டல்.

பாஸ்வேர்டு மாறிவிட்டது என்றது திரை.

பேட்டரி தீர்ந்தது. திரை அணைந்தது. சர்வர் நின்றது.

அலமாரிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே, எதிலும் செருகாத கீபோர்டு. சுற்றிய ஒயருக்கு அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கின. அவளுடைய சொல். ஒன்பது எழுத்தும். ஓங்கி ஒரு தட்டல்.

மறுபடி முதல் எழுத்து அமுங்கியது.