நாற்பத்திரண்டு யாருடையது?

காலை 10.20. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பேருந்து ஓட்டுநரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கேனில் குடல் அடைத்திருந்தது. ஆறு வருடமாக அவருக்கு க்ரோன் நோய். குடலைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும் பொல்லாத நோய்.

புண் வீங்கி அடைத்திருந்தால் மருந்தில் திறக்க வாய்ப்புண்டு. பழைய தழும்பு இறுகி அடைத்திருந்தால் கத்திதான். எது என்று ஸ்கேன் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை இவர் விஷயத்தில் என்றைக்குமே வாய் திறந்ததில்லை. மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் அளவு ஒன்றுதான் துணை. எண் ஏறினால் வீக்கம். போன வருடம் 640, பிறகு 910. மூன்று வாரத்துக்கு முன் 42.

"நாப்பத்திரெண்டுன்னா வீக்கமே இல்ல, தழும்புதான். பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன்," என்றார் சர்ஜன்.

ஆய்வகத் தலைவியை எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அந்த எண் அவரை உறுத்தியது. மருந்து மாறாமல் 910 எப்படி 42 ஆகும்? அடைத்த குடலிலிருந்து இப்போது மறுபடி சாம்பிள் எடுக்கவும் வழியில்லை. தன் ஆய்வகத்தின் தாளை நம்பி ஒரு மனிதனை வெட்டப் போகிறார்கள்.

10.50. டெக்னீஷியனைப் பிடித்தார்.

"டப்பா மாறிப்போச்சா?"

"சத்தியமா இல்ல மேடம்! அன்னைக்கு இந்த டெஸ்டுக்கு வந்ததே ஒரு டப்பாதான். பேரை வீட்டுலயே ஒட்டியிருந்தாங்க. பதிவேட்டைப் பாருங்க."

வந்த நேரம்: காலை எட்டு. தோற்றம்: கெட்டி.

11.10. ஓட்டுநர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

"டப்பாவை ரொப்பினது யாருங்க?"

"நான்தான். மூடி வெச்சுட்டு அஞ்சு மணிக்கு டூட்டிக்குப் போயிட்டேன்."

"வயித்து நிலவரத்தைத் தினமும் குறிச்சு வைக்கிற நோட்டு?"

தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டப்பா வந்த அதே தேதி. மலம் ஏழு தடவை, தண்ணீராக. வலி பத்துக்கு எட்டு.

"இவ்வளவு வலியா? ஏன் உடனே வரல?"

"ரிசல்ட் நல்லா வந்துச்சே மேடம். குடல்ல ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமைன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்."

11.25. வராந்தாவில் மனைவி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"டப்பாவைக் கொண்டுவந்தது நீங்கதானே?"

"ஆமா."

"நடுவுல வேற யார் கைக்காவது போச்சா?"

"இல்லையே."

"அப்ப மாத்தினது நீங்கதாம்மா."

அவள் முகம் வெளுத்தது.

"விடியக்காலையில அவர் ரொப்பினது தண்ணி. எட்டு மணிக்கு எங்ககிட்ட வந்தது கெட்டி. எல்லாரும் எண்ணைத்தான் பாத்தாங்க. பக்கத்துக் கட்டத்துல 'தோற்றம்'னு இருக்கறதை யாரும் பாக்கல, நான் உட்பட. யாரோடது அது?"

"என்னோடது." அவள் சுவரில் சாய்ந்தாள். "இன்னொரு தடவை எண் ஏறினா மருந்து பலிக்கலன்னு அர்த்தம், ஆபரேஷன்தான்னு டாக்டருங்க சொன்னாங்க. மலம் போக வயித்துல பை மாட்டுவாங்களாம். அவர் தாங்கமாட்டார் மேடம்…"

"அட பாவமே! கத்திக்குப் பயந்து நீ பண்ணின வேலைதான் அவரைக் கத்திகிட்டயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கு. சர்ஜன்கிட்ட நான் சொல்றேன். அவர்கிட்ட நீயே சொல்லு. ஓடு!"

11.40. சர்ஜன் பதிவேட்டையும் ஓட்டுநரின் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆபரேஷனை நிறுத்துங்க. முதல்ல வீக்கம் வத்த ஸ்டீராய்டு ஊசி. மூணு நாள் பாப்போம். திறந்தா தப்பிச்சோம்."

திறக்கும் என்று அவர் சொல்லவில்லை.

கட்டிலருகே மனைவி ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்திருந்தாள். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்திருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப… எனக்கு நிஜமாவே வலிச்சிருக்கு, இல்ல?"