ஸ்பேஸ் பார் காணவில்லை

சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. அகிலா மடிக்கணினியைத் திறந்தாள். ஸ்பேஸ் பார் இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. கீழ் வரிசை நடுவில் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு பள்ளம். உள்ளே ரப்பர் குமிழ், அதன்மேல் வெள்ளைப் பிசின். அழுத்தினால் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தது. திரையில் கர்சர் வரிக்கோடி வரை ஓடிப்போய் நின்றது.

நான்கு மணிக்குத் தேர்வு. சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்டர்ன்ஷிப், கல்லூரிப் பிள்ளைகளுக்கானது. பிளஸ் டூ முடித்தவள் எழுதலாமா என்று கேட்டு அவள் மெயில் போட்டிருந்தாள். எழுது என்றார்கள். இலவச வீடியோக்களை இறக்கிவைத்துப் பார்த்துத் தானாகக் கற்ற பைதான். இடைவெளி ஒன்று பிசகினாலும் ஓடாத கணினி மொழி அது. இன்னொரு வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அழ நேரமில்லை. புரோகிராம் ஓடாவிட்டால் பிழை எங்கே இல்லை என்று பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். அதைத்தான் செய்தாள்.

முதலில் திரை. பின்னால் ஒரு வீடியோ பாதியில் நின்றிருந்தது. நாலாம் பாடம், லூப். அவள் வைக்கவில்லை. ரீசார்ஜ் செய்ய மந்தாரக்குப்பம் கடைவீதிக்குப் போய்வந்த நேரத்தில் வேலை நடந்திருக்கிறது. அப்போது வீட்டில் நான்கு பேர்.

மதிவாணன், கூடப் படித்தவன். அதே இன்டர்ன்ஷிப்புக்குப் போட்டி. முன்வாசலில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான்.

"நீதானா?"

"இன்னா அகிலா, என்னையே கேக்கற? உங்கம்மா தட்டுல போட்டுத் தந்தாங்க, தின்னுக்கினு இருக்கேன். உள்ளயே போவல."

"நாலாம் பாடம்?"

"அத போன வருசமே ரெண்டு பேரும் முடிச்சோமே. அதுல இன்னா இருக்கு?"

கொல்லையில் தனகோட்டி. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து அறுத்துக் கொடுப்பவள். முழங்கை வரை தேங்காய் எண்ணெய் மினுங்கியது.

"நான் எதுக்கும்மா வூட்டுக்குள்ள வர்றேன்? காலைலேர்ந்து அறுத்துக்கினு கெடக்கறேன். பிசின் ஒட்டாம உங்கம்மா கைக்கும் நான்தான் எண்ண தேச்சி வுட்டேன்."

அம்மா சுப்புலட்சுமி சுளை பிரித்துக்கொண்டிருந்தாள். "பெட்டியத் தொடைக்கக்கூட நான் தொட மாட்டேன் அம்முணி. அப்பா தூங்கறார், சத்தம் போடாத. அவருக்குப் பிரிக்காம ஒரு துண்டு வெச்சேன், அதத் தின்னாரோ என்னமோ."

அப்பா மருதாசலம், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டர். நைட் ஷிப்ட் முடித்துவந்து ஹாலில் படுத்திருந்தார். இருக்கும் ஒரே ஹாலில்தான் அவள் படிப்பும் அவர் பகல் தூக்கமும். சுரங்கத்தில் அப்ரண்டிஸுக்கு எழுது, பெட்டியைத் தட்டி உருப்பட்டவன் எவனுமில்லை என்பது குடியிருப்பு பிளாக் முழுக்கத் தெரிந்த அவர் கட்சி.

"அந்தக் கருமத்த நான் தொட்டதே இல்ல கண்ணு" என்று திரும்பிப் படுத்தார். அவர் கட்டைவிரலில் செய்தித்தாள் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

இரண்டரை மணிக்கு நால்வரையும் ஹாலில் கூட்டினாள்.

"கெடுக்கணும்னு வந்தவங்க சார்ஜர எடுத்துட்டுப் போயிருப்பாங்க. ஒரு நிமிசம் ஆகாது. அதனால இது வேணும்னு செஞ்சது இல்ல."

மதிவாணன் மூச்சு விட்டான்.

"வேற எந்தப் பட்டன்லயும் பிசின் இல்ல. ஒரு எழுத்துகூட டைப் அடிக்கல. ஸ்பேஸ மட்டும் தட்டுனா வீடியோ நிக்கும், மறுபடி தட்டுனா ஓடும். வந்தவங்க பாடம் பாத்திருக்காங்க. நான் தட்டறத தெனமும் பாத்த ஆளு, ஆனா பாடம் புதுசு."

"யாரு?" என்றாள் அம்மா.

"பிசின எடுத்துக்குங்க. உங்க கையிலயும் அக்கா கையிலயும் எண்ணெய், ஒட்டாது. மதி தின்னது பிரிச்ச சுளை, பிசின் இல்ல. பிரிக்காத துண்டு ஒருத்தருக்குத்தான். எண்ணெய் தடவாம அதத் தொட்டதும் ஒருத்தர்தான். விரல்ல பேப்பர் ஒட்டியிருக்கு பாருங்க."

எல்லோரும் மருதாசலத்தின் கட்டைவிரலைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

தனகோட்டிதான் முதலில் சிரித்தாள். "இன்னாங்க அண்ணே! இந்த ஊருக்கு வந்து இருவது வருசம் ஆவுது, இன்னும் எண்ண தொடாமயா பலாவ எடுக்கறீங்க?"

"எங்க பொள்ளாச்சிப் பக்கம் தேங்காதானுங்க உரிக்கறது" என்று முனகினார். "நானென்ன பண்ணட்டும்? அந்த வாத்தி வெரசா பேசறான், நிறுத்தி நிறுத்தித்தான் கேக்கோணும். கடைசியா நிறுத்துனேன், பட்டன் வெரலோட வந்துருச்சு."

"எதுக்குப் பாத்தீங்க?"

"உருப்படாத படிப்புன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கறேன். என்ன ஏதுன்னு தெரியாம எப்படிக் கண்ணு சொல்றது?"

"நாலு பாடமா தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்றாள் அம்மா.

"நாளுக்கு ஒண்ணா மூணுதான். நாலாவதுல சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றான்."

"லூப்னா அதான்ப்பா. பட்டன் எங்க?"

பட்டன் அவருடைய சேஃப்டி ஷூவுக்குள் இருந்தது. எண்ணெய் தொட்டுப் பிசினை வழித்தார். துணியால் துடைத்தார். அடியிலிருந்த கம்பியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாட்டினார். மூன்று முறை வழுக்கி, நாலாவது முறை டக் என்றது. மணி மூன்றே முக்கால். மதிவாணன் தன் தேர்வுக்குச் சைக்கிளில் பறந்தான்.

அடுத்த வியாழக்கிழமை மெயில் வந்தது. அகிலாவை எடுத்திருந்தார்கள்.

"எத்தன மாசம்?" என்றார் மருதாசலம்.

"மூணு."

"பர்மனென்ட் பண்ணுவாங்களா?"

"தெரியாதுப்பா."

"அப்பக் கான்ட்ராக்ட்டு" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே போனார். சற்று நேரத்தில் மதிலுக்கு அப்பால், பக்கத்துக் குவார்ட்டர்ஸில் அவர் குரல் கேட்டது.

"ஆமாங்க, சென்னைக் கம்பெனி. பர்மனென்ட் மாதிரித்தானுங்க."