ஒரு பக்கப் பேச்சு

அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது காலை பத்தரை மணிக்கு. நல்ல வெயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டவன் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

பெட்டிபோலக் கைப்பிடி பிடித்துத் தூக்கிப்போகும் பழைய கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைப்பது என் தொழில். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் திரை, பக்கத்தில் ஃப்ளாப்பி போட இரண்டு வாய்கள். சொந்த நினைவு என்று இவற்றுக்கு எதுவும் கிடையாது. தொடக்க ஃப்ளாப்பியைப் போட்டால்தான் கண் திறக்கும். அந்த ஃப்ளாப்பிகள் இப்போது ஒவ்வொன்றாகப் பூஞ்சை பிடித்துச் செத்துக்கொண்டிருக்கின்றன. எந்த மாடலுக்கு எது என்று தேடி, புது வட்டில் அதை அப்படியே எழுதிக் கொடுப்பேன்.

கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"வாங்க தம்பி. பெட்டிக்கு டாக்டர் வந்தாச்சு."

"டாக்டர்லாம் இல்லக்கா. கம்பவுண்டர்னு வச்சுக்குங்க."

சிரித்துக்கொண்டே மாடிக்கு அழைத்துப்போனார். வீடு அவருடைய அண்ணனுடையது. அண்ணன் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. பூட்டியே கிடந்த வீட்டை இப்போதுதான் திறந்து பத்து நாளாகத் தங்கியிருக்கிறார்.

"தொண்டையில ஆபரேஷன் பண்ணி அவன் குரலையே எடுத்துட்டாங்க" என்றார். "அப்புறம் இந்தப் பெட்டிதான் அவனுக்கு வாய். இவன் டைப் அடிப்பானாம், எதிர்ல இருக்கறவங்க படிச்சுட்டு வாயால பதில் சொல்லுவாங்களாம். சமையலுக்கு வந்த அம்மா சொன்னாங்க."

"நீங்க கூட இல்லையாக்கா?"

படியில் நின்றுவிட்டார்.

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல தம்பி. அந்தச் சமயத்துல மூணு தடவை ஃபோன் வந்துச்சு. எடுத்தா பேச்சே இல்ல, டொக் டொக்னு ஒரு சத்தம். எவனோ விளையாடறான்னு வச்சுட்டேன். அவனுக்குக் குரல் போனதே எனக்குத் தெரியாது." கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்மேல கோவத்தோட போனானா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

அறையில் மேசையும் இரண்டு நாற்காலிகளும்தான். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் அதன் நான்கு கால் தடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. ஜன்னல் திறந்திருந்தது. எதிரே தையல்கடை மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அண்ணனின் பேச்சு இருந்த ஃப்ளாப்பியை அவர் போன வாரமே எனக்கு அனுப்பியிருந்தார். மேல்பூச்சு உதிரத் தொடங்கியிருந்ததால் ஒரே மூச்சில் புது ஃப்ளாப்பியில் நகல் எடுத்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது எனக்குப் பழக்கமில்லை. நகலின் ஓரத்தில் உள்ள வெட்டின் மேல் ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டேன். அதை ஒட்டிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும், ஓர் எழுத்துகூட அதில் புதிதாக ஏறாது.

நான் எழுதிய தொடக்க ஃப்ளாப்பியை இடது வாயிலும் நகலை வலது வாயிலும் போட்டு சுவிட்சைத் தட்டினேன். புழுதி கருகும் வாடை வந்தது. டிரைவ் கரகரவென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. சளி கட்டிய நெஞ்சிலிருந்து வருவதுபோல் இருந்தது.

திரை பச்சையாக விழித்தது.

ஒரே ஒரு கோப்பு. பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. திறந்தேன். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். வரிக்கு வரி பெரிய இடைவெளி விட்டிருந்ததால் திரையில் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் தெரிந்தது.

*வந்துட்டியா வாலு?*

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "வாலுன்னு என்னை அவன் ஒருத்தன்தான் கூப்பிடுவான். ஆனா நான் அப்ப வரவே இல்லையே தம்பி!"

"மருந்து மயக்கத்துல அடிச்சிருப்பாருக்கா" என்று சொல்லி, அடுத்த வரிக்குப் போகக் கீழ் அம்பு விசையை அழுத்தினேன்.

*மயக்கமெல்லாம் இல்ல. யாரு கூட? ரிப்பேர்காரரா?*

விசையிலிருந்து என் விரல் தானாக எழும்பிவிட்டது.

ஃப்ளாப்பியை வெளியே உருவிப் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது. திரை ஓரத்தில் காட்டிய கோப்பின் அளவு, போன வாரம் நான் குறித்துவைத்த அளவுதான். ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. அப்படியென்றால் யாரும் இப்போது உட்கார்ந்து அடிக்கவில்லை. எல்லாம் அன்றே அடித்தது.

பேச்சில் எங்களுடைய பக்கம் மட்டும்தான் பாக்கி இருந்திருக்கிறது.

"போடுங்க தம்பி" என்றார் அக்கா. நான் தயங்கியதும் அவரே ஃப்ளாப்பியை வாங்கிச் செருகினார். அதே இடம் திரைக்கு வந்தது. திரையைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணா, என்மேல கோவமா?"

விசையை அவரே அழுத்தினார்.

*இருந்துச்சு. நீ ஃபோனை வச்சப்பல்லாம் இருந்துச்சு.*

"நீதான்னு தெரியலண்ணா! சத்தியமா தெரியல!"

*தெரியும். ஊமை கூப்பிட்டா யாருக்குத்தான் கேக்கும்? அழாத.*

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. திரைக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

*கதவைச் சாத்து. பேசணும்.*

"சாத்தாதீங்கக்கா" என்றேன் மெதுவாக.

*அவர் சொல்றதக் கேக்காத.*

அக்கா எழுந்து கதவருகே போனார். எதிர்க்கடைத் தையல் மிஷின் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அறையில் டெட்டாலும் ஈரப் பஞ்சும் கலந்த நெடி.

அந்த நேரத்தில் என் தொழில் புத்தி ஒன்று சொன்னது. எழுதி முடிந்துபோன கோப்புதானே? கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாமே. ஒரே தாவலில் கோப்பின் கடைசிக்குப் போனேன். அங்கே இடைவெளி இல்லாமல் வரிகள் நெருக்கமாக இருந்தன.

*தண்ணி வேணாம்.*
*கையப் பிடி வாலு.*
*இன்னும் இறுக்கமா.*
*இப்ப நீ பேசு பாக்கலாம்.*
*பரவால்ல. உன் குரல் என்கிட்டதான் இருக்கு.*
*தம்பி, நீங்க கிளம்புங்க.*

படித்த மறுகணம் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். திரை புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏன் தம்பி அணைச்சீங்க? கடைசியில என்ன போட்டிருந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. அழிஞ்சுபோச்சு. வாங்க, கீழ போயிடலாம்."

"பொய் சொல்லாதீங்க." நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். உதடெல்லாம் வறண்டு, மூச்சு வாங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"தண்ணி கொண்டு வரவாக்கா?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'தண்ணி வேணாம்' உறைத்தது.

நான் என் வரியைச் சொல்லிவிட்டேன்.

அக்காவின் வலது கை மெல்ல எழுந்தது. கட்டில் இருந்த பக்கம் நீண்டது. வெறும் காற்றில் விரல்கள் எதன்மேலோ மூடின. மூடிய விரல்கள் இறுகின. இறுக இறுக, நகக்கண் வெளுத்தது.

"அக்கா! கைய விடுங்க! விடுங்கக்கா!"

தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அந்தப் பக்கம் இன்னோர் ஆள் பிடித்திருக்கும் கனம்.

என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். உதடுகள் என் முகத்துக்கு நேரே அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது.

சத்தம் வரவில்லை.

மூச்சுகூட வரவில்லை.

பிறகு அவர் வாய் மூடிக்கொண்டது. மூடியது மூடியபடியே இருக்க, கட்டில் கால் தடங்களுக்கு நடுவிலிருந்து அக்காவின் குரல் நிதானமாகக் கேட்டது.

"தம்பி, நீங்க கிளம்புங்க."

அவரை எப்படித் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. என் பையும் பெட்டியும் இரண்டு ஃப்ளாப்பிகளும் அங்கேயே கிடந்தன. வாசல் கதவை வெளியே பூட்டினேன் என்பது மட்டும் உறுதி, சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அதிர்ச்சி, தானாகப் பேசிவிடுவார் என்றார். அக்கா பேசவில்லை. சின்ன நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு அவர் எழுதிக் காட்டிய முதல் வரி: "அவனுக்கு இப்ப கோவம் இல்ல."

பதினைந்து நாள் கழித்து, துணிமணிகளை எடுத்துவர வேண்டும் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நண்பகலில் போனோம். பூட்டில் சாவியைப் போடும்போது, எதிர்க்கடையிலிருந்து தையல்காரர் கழுத்தில் டேப்போடு எட்டிப்பார்த்தார்.

"என்னக்கா, இப்பத்தான மாடில பேசிட்டிருந்தீங்க? அதுக்குள்ள எப்ப வெளிய போனீங்க?" சிரித்தார். "காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் பேச்சுதான். வாய் வலிக்காதா உங்களுக்கு?"

அக்காவும் சிரித்தார். நோட்டை எடுத்து எழுதி எனக்கு மட்டும் காட்டினார்: "பாத்தீங்களா, எவ்ளோ நல்லா பேசறான்!"

மாடி ஜன்னல் திறந்திருந்தது. திரைச்சீலை அசையவில்லை. ஆனால் அதன் பின்னாலிருந்து, என் பக்கத்தில் வாய் மூடி நிற்பவரின் குரல், அன்பாக, அவசரமில்லாமல் வந்தது.

"தம்பி, மேல வாங்க. அன்னைக்கு நீங்க சரியாவே பேசல."

பதில் வாயில் வந்துவிடாதபடி நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தையல்காரர் மாடியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். பிறகு, வழக்கமாக யாரும் சொல்வதையே என்னிடம் சொன்னார்.

"கூப்பிடறாங்கல்ல சார்... ஏதாவது பதில் சொல்லுங்க."