லைற் பிடிக்கிறவள்

பூரணம் ரீச்சரின் மூக்கு நிழல் பிழையான பக்கத்தில் விழுந்திருந்தது.

படம் இடம் வலமாக மாறிப்போயிருக்கும் என்றுதான் கெல்வின் முதலில் நினைத்தான். சேலைத் தலைப்பைப் பார்த்தான். அது உரிய தோளில்தான் கிடந்தது. ஓய்வு பெறுகிற ரீச்சருக்கு உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடம் பிரியாவிடை மலர் போடுகிறது. அதற்காகப் போன புதன்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் எடுத்த ஏழு படங்கள் இவை. லைற்றைத் தன் இடது பக்கம் மூன்றுகால் ஸ்ராண்டில் நிறுத்தியதாக அவனுக்கு ஞாபகம். இடது பக்கம் லைற் நின்றால் நிழல் வலது பக்கம் விழும். பதினைந்து வருடம் படமெடுத்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு படத்திலும் வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வந்திருந்தது.

வலது பக்கம் நிஷானியின் இடம்.

பதினொரு வருடமாக அவன் மனைவி அங்கேதான் நின்றாள். கலியாணவீட்டுச் சனத்துக்குள் ஸ்ராண்டை நிறுத்தினால் யாராவது தட்டி விழுத்திவிடுவார்கள். அதனால் லைற்றை ஒரு தடியில் பூட்டி அவள் கையில் தூக்கிப் பிடிப்பாள். பற்றரியும் முன்னால் மாட்டுகிற வெள்ளைத் துணிப்பெட்டியும் சேர்ந்து மூன்று கிலோ வரும். அவன் திரும்பிப் பார்க்காமலே வலக்கையால் லைற்றை நீட்டுவான், அவள் வாங்கிக்கொள்வாள். மணப்பெண் முகம் திருப்பினால் வெளிச்சமும் கூடவே திரும்பும். புருசன் பெண்சாதி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சனம் சொல்லும். கை உளைகிறது, இறக்கட்டே என்று அவள் கேட்பதும், இன்னும் ஒண்டு என்று அவன் சொல்வதும் சனத்துக்குக் கேட்பதில்லை.

அவள் செத்து இருபத்தேழு நாள். டெங்கு. காய்ச்சலோடுதான் அவளைப் புத்தூர்க் கலியாணவீட்டுக்குக் கூட்டிப்போனான். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வா என்று சொன்னவனும் அவன்தான். ஆறு மணித்தியாலம் நின்றவள் கடைசியில் லைற்றோடு சேர்ந்து சீமெந்துத் தரையில் விழுந்தாள். கெல்வின் ஓடிப்போய் முதலில் தூக்கியது லைற்றை. அவளுடைய அக்கா மிரியம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லைற்றில் ஒரு கீறலும் இல்லை. என்ன செய்தாலும் உடையாது, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நானூறு தரம் பளிச்சென்று அடிக்கும் என்று விற்றவன் சொன்னது உண்மைதான். நிஷானி மூன்றாம் நாள் ஆசுப்பத்திரியில் செத்தாள்.

அவன் இன்னும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல நெஞ்சு மரத்துக் கிடந்தது. சாப்பிட்டான், குளித்தான், கூப்பிட்ட வேலைக்குப் போனான். ஒன்று மட்டும் முடியவில்லை. வலது பக்கத்தில் எதையும் நிறுத்த மனம் வரவில்லை.

கோப்பாயில் அவன் வீட்டின் பின்னறைதான் படமெடுக்கும் அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்ததால் பின்னேரம் மூன்று மணிக்கும் அங்கே இருட்டு. அவள் செத்ததற்கு மறுநாள் சுகாதாரப் பகுதியினர் வந்து, வளவில் கிடந்த சிரட்டை, பூச்சாடி, தண்ணீர் தேங்கிய எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி, வீடு முழுக்க நுளம்புப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். அந்த எண்ணெய் நாற்றம் இன்னும் கறுப்புத் துணியில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு உதவியாக இருந்தது. அது கேட்கும்வரை வேறெதையும் கேட்கத் தேவையில்லை.

காலையில் மிரியம் அக்கா வந்திருந்தாள். முப்பத்தோராம் நாள் நினைவு ஆராதனைக்கு மலர்ப் புத்தகம் அச்சடிக்கவேண்டும், அட்டைக்குப் படம் வேண்டும் என்றாள். அவன் தேடிக் களைத்திருந்தான். கலியாணப் படத்தில் இருந்தது பூச்சும் பொட்டுமாக வேறு யாரோ. கைபேசியில் இருந்தவற்றில் பாதி முகம், சிரித்துப் பொத்திய கை, திரும்பிய முதுகு. லைற்றுக்குப் பின்னால் நிற்கிறவளை யார் படமெடுப்பது? மிரியம் அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளின்ரை முகம் வடிவாத் தெரியிற ஒரு படம், கெல்வின்," என்றாள். "பின்னேரம் ஆறு மணிக்குள்ளை தாங்கோ. அவளுக்கு நீங்கள் செய்யிறதுக்கு இனி அது ஒண்டுதான் மிச்சம்."

அதைத் தேடத்தான் மடிக்கணினியைத் திறந்தான். தேடும் வழியில்தான் பூரணம் ரீச்சரின் படங்கள் வந்து நின்றன.

வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரியவேண்டுமானால் படக்காரர் பார்க்கிற இடம் கண். அடித்த லைற்றின் உருவம் கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். கெல்வின் ரீச்சரின் கண்ணைப் பெருப்பித்தான். இமை மயிர் திரையை நிறைத்தது. இன்னும் பெருப்பித்தான். கண்மணிக்குள் எட்டு மூலையோடு அந்த வெள்ளைப் பெட்டி தெரிந்தது.

அதன் கீழே ஒரு கறுத்த உருவம் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றது.

இது பழைய படம், என்று அவன் மனம் சொன்னது. திகதியைப் பார்த்தான். புதன்கிழமை, காலை பத்து நாற்பது. அடுத்த படம். அதிலும் நின்றது. ஏழிலும் நின்றது, ஒவ்வொன்றிலும் கை சற்றுப் பணிந்து. ஏழாவதில் மற்றக் கையையும் கொடுத்துத் தாங்கியிருந்தது.

அப்போதுதான் அன்று ரீச்சர் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் என்று அவன் அதைக் கழற்றச் சொல்லியிருந்தான். கழற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்குக் கை உளையப்போகுது, தம்பி. கொஞ்சம் இருக்கச் சொல்லும்." கண்ணாடி இல்லாமல் ஸ்ராண்டை ஆளென்று நினைக்கிறா என்று அவன் எண்ணினான். ஓம் ரீச்சர் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தான்.

பயப்படவேண்டிய இடம் இது என்று அவனுக்கு விளங்கியது. ஆனால் பயம் வரவில்லை. மரத்த கன்னத்தில் விரலால் அமத்திப் பார்ப்பதுபோல, வருகிறதா என்று காத்திருந்தான். வந்தது வேறொரு நினைப்பு. அவள் நிற்கிறாள் என்றால், அவளைப் படமெடுக்கலாம்.

புத்தூர்க் கலியாணவீட்டுப் படங்களைத் திறந்து மணப்பெண்ணின் கண்ணைப் பெருப்பித்தான். அங்கேயும் அதே உருவம்தான்; வெளிச்சம் அவளுக்கு முன்னால் இருப்பதால் முகம் இருட்டு. பதினொரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கண்களுக்குள் அவள் இருந்தாள், ஒன்றிலும் முகமில்லை. முகம் தெரியவேண்டுமானால் அவள் பெட்டிக்கு முன்னால் குனியவேண்டும், எதிரே வெள்ளையாக ஏதாவது இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அவள்மேல் போடவேண்டும். இதையெல்லாம் அவன் மிக ஒழுங்காக யோசித்தான். வேலை என்று வந்துவிட்டால் கை தானாக ஓடும்.

கமராவை முக்காலியில் பூட்டினான். எதிரே ஒரு கதிரை, பக்கத்தில் மடிக்கணினி. எடுக்கிற படம் உடனே அதில் வந்து விழும்படி வயரைக் கொழுவினான். படுக்கை அறையிலிருந்து வெள்ளை விரிப்பொன்றை எடுத்துவந்தான். பையிலிருந்து லைற்றை எடுத்து, பற்றரியைப் பூட்டி, வெள்ளைப் பெட்டியை மாட்டி, உரிய பக்கத்தில் உயரமாகக் கொடுத்தான். பிறகு கதிரையில் போயிருந்து, விரிப்பை மடியில் விரித்து, ரிமோட்டை அமத்தினான்.

அறை வெள்ளையாகி இருண்டது. லைற் மறுபடி சார்ஜ் ஏறும்போது நுளம்புபோல மெல்லிய ஓர் ஒலி எழுந்து, பீப் என்று முடிந்தது. கண்ணுக்குள் சிவப்பு வட்டமொன்று மிதந்தது. மடிக்கணினியில் அவன் முகம் வந்தது. ஒரு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. கண்ணைப் பெருப்பித்தான்.

நின்றாள். கை நேராக. முகம் இருட்டு.

"முகம் தெரியேல்லை," என்றான். வேலைக் குரலில்தான் சொன்னான். "கொஞ்சம் முன்னுக்கு வா."

வெளியே மோட்டார் நின்றது. இறைத்து முடிந்திருக்கும். அந்தச் சத்தம் இல்லாத அறையில், அவன் மூச்சைத் தவிர இன்னொரு மூச்சு இருந்தது. பாரம் தூக்கி நிற்கிறவர்கள் வாயால் விடுகிற மூச்சு. அவன் மறுபடி அமத்தினான்.

கண்மணிக்குள் உருவம் பெருத்திருந்தது. தோள் தெரிந்தது. அந்தக் கலியாணவீட்டுக்கு உடுத்த மஞ்சள் சேலையின் கரை தெரிந்தது. முகம் பெட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் போதும்.

கைபேசி அடித்தது. பூரணம் ரீச்சர்.

"தம்பி, உம்மடை ஸ்ராண்டை மண்டபத்திலை விட்டிட்டுப் போட்டீர். புதன்கிழமையிலையிருந்து சுவரோடை சாத்தினபடி கிடக்குது," என்றாள். "அவசரமில்லை, ஆறுதலா வந்து எடும். அண்டைக்கு அதை நீர் விரிக்கவே இல்லைத்தானே. அந்தப் பிள்ளைதானே கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டது."

அவன் ஓம் என்றான். கைபேசியை மெதுவாகத் தரையில் வைத்தான்.

ஸ்ராண்ட் உடுப்பிட்டியில்.

கொஞ்ச நேரத்துக்கு முன் தான் செய்ததை அவன் திரும்ப நினைத்துப் பார்த்தான். பற்றரியைப் பூட்டினான். பெட்டியை மாட்டினான். கமராவுக்குப் பின்னால் நின்றபடி, திரும்பிப் பார்க்காமல், வலக்கையால் லைற்றை நீட்டினான். பாரம் கையை விட்டுப் போனது.

யாரோ வாங்கினார்கள்.

ஊசியின் மரப்பு விடுவதுபோல அப்போதுதான் அது வரத் தொடங்கியது. பயம். இருபத்தேழு நாளாக வராமல் நின்ற எல்லாமும் அதோடு சேர்ந்து வந்தது. அவன் அழுதான். தலையை நிமிர்த்தவில்லை. மடியில் கிடந்த வெள்ளையை மட்டும் பார்த்தான். புகை நாற்றத்துக்கு நடுவே இப்போது வேறொரு மணம். வேர்வையும் காய்ச்சல் உடம்பின் சூடும். அந்தச் சூடு அவன் நெற்றியில் பட்டது.

லைற் அடித்தது.

அவன் அமத்தவில்லை. ரிமோட் தரையில் கிடந்தது.

நுளம்பு ஒலி. பீப். மடிக்கணினியில் படம் வந்தது. பெருப்பிக்கத் தேவையிருக்கவில்லை. குனிந்திருந்த அவன் தலைக்கு மேலே, பெட்டிக்கு முன்னால், அவள் முகம் வடிவாகத் தெரிந்தது. விரிப்பின் வெளிச்சம் கீழிருந்து பட்டு ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அட்டைக்குப் போடலாம். உலர்ந்து வெடித்த உதடு. மூக்குக்குக் கீழே ஒரு கறுத்த கோடு. கண் அவனைத்தான் பார்த்தது. கோபமில்லை, விடை கேட்டு நிற்கிற பார்வை. வாய் பாதி திறந்திருந்தது. அந்த வாய் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

மேலே துணிப்பெட்டி நடுங்கும் சத்தம் கேட்டது.

போதும், இறக்கு. அவ்வளவுதான் சொல்லவேண்டும். புத்தூரில் சொல்லியிருக்கவேண்டியது. பதினொரு வருடத்தில் ஒருநாளாவது அவள் கேட்டவுடன் சொல்லியிருக்கவேண்டியது. நாக்கைப் புரட்டினான். போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இன்னும் ஒண்டு," என்றது அவன் வாய்.

தலைக்கு மேலே ஒரு மூச்சு இழுபட்டு நின்றது. நடுங்கிக்கொண்டே லைற் உயர்ந்தது. அடித்தது. அந்த வெள்ளையில், மடியில் கிடந்த விரிப்பில் சிவப்பாக ஒரு துளி விழுவதைக் கண்டான். இருட்டில் இன்னொன்று விழும் சத்தம். பிறகு பீப்.

நானூறில் நாலு முடிந்திருந்தது.