ஓர்சோலா கேட்ட இடம்

மாந்துவா ஏரியிலிருந்து எழும் மூடுபனி நவம்பரில் நண்பகலிலும் விலகாது. அப்படியொரு நண்பகலில்தான் பிரபுவின் மாளிகைச் சமையலறைக்கு மாவு பிசைபவளாகப் போய்ச் சேர்ந்தேன். வேலை தேடி வந்ததாகச் சொன்னேன். நல்தோவுக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்பதைச் சொல்லவில்லை.

நல்தோ அந்த வீட்டு விருந்து மேசையில் இறைச்சி அரிந்து பரிமாறுபவன். மிலானிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அவன் கைநேர்த்தியில் மயங்கி, தன் வீட்டுக்கே அழைத்துப்போவதாகச் சொன்னார். அங்கே போனதும் கல்யாணம் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். மறுநாள் விருந்தில், அவருக்கென்று தனியாகச் சுட்ட புறாக்கறி அப்பத்தை நல்தோ அரிந்து வைத்தான். நாலு வாய் தின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கத்தியில் பாஷாணம் தடவியவன் என்று நல்தோவைக் கட்டி இழுத்துப்போனார்கள். பெரிய இடத்துச் சாவுக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை தூக்கு. நான் உள்ளே நுழைந்தது புதன்கிழமை.

அந்த அப்பத்தைச் சுட்ட சமையல்காரி ஓர்சோலா விருந்தன்று மாலையே அகழியில் மிதந்தாள். தன் சாப்பாட்டில் சாவு வந்ததே என்று விழுந்துவிட்டாளாம். இருபது வருஷம் உழைத்தவள். யாரும் அவளைச் சந்தேகிக்கவில்லை.

நான் சந்தேகித்தேன்.

சமையலறைச் சுவர்களில் பழைய கொழுப்பும் இலவங்கப்பட்டையும் மணத்தன. மூலையில் ஒரு பெரிய ரொட்டி அடுப்பு. அதன் அருகே போனால் மட்டும் வேறு வாடை. தேங்கிய தண்ணீரின் வாடை.

"அதுகிட்ட போகாதேம்மா," என்றார் காரியஸ்தர் நெரியோ. "அவ போனதுலேருந்து அதுல தீ நிக்கமாட்டேங்குது. பத்த வெச்சா யாரோ ஊதின மாதிரி அணையுது."

"காத்தா இருக்கும் ஐயா."

"உள்ளேருந்தா அடிக்கும்?" அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "சரக்கறைச் சாவியையும் காணோம். இடுப்பை விட்டு அதை இறக்கவே மாட்டா. பொணத்துல இல்ல."

அன்று பொழுது சாயும்வரை மாவு பிசைந்தேன். பக்கத்தில் இன்னொருத்தி நின்று பிசைவதுபோல மேசை அதிர்ந்துகொண்டிருந்தது.

நான் கையை எடுத்த பிறகும் அதிர்ந்தது.

வியாழன் காலை சிறைக்குப் போனேன். கம்பிக்குப் பின்னால் நல்தோவின் முகம் பாதியாகியிருந்தது.

"ஓர்சோலா உன்கிட்ட எப்படி?" என்று கேட்டேன்.

"பிரியமாத்தான் இருப்பா. நல்ல துண்டா பார்த்து எனக்கு எடுத்து வெப்பா. மிலானுக்குப் போறேன்னு சொன்னதும் பேச்சை நிறுத்திட்டா." அவன் கம்பியில் நெற்றியைச் சாய்த்தான். "தத்தேயா, நாளைக்கு நீ வராதே. நீ அதைப் பார்க்க வேண்டாம்."

ஓடினேன். பனியில் வழி தெரியாமல் இரண்டு முறை விழுந்தேன். மாளிகையில் எல்லோரும் பகலுணவு பரிமாற மேலே போயிருந்தார்கள். சமையலறையில் ஒருவருமில்லை. தீ அணைகிறதென்றால் அந்த அடுப்புக்குள் எரியக்கூடாதது ஏதோ இருக்கிறது. அல்லது யாரும் கைவிட்டுத் துழாவக்கூடாதது.

மண்டியிட்டுத் தோள்வரை கையை நுழைத்தேன்.

சாம்பல் ஈரமாக இருந்தது.

விரல் நுனியில் ஒரு துணிமூட்டை தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஊறிப்போன கை. அதன் நகக்கண்களில் மாவு காய்ந்து சொரசொரத்தது.

"விட்டுடு," என்றது இருட்டு. "நாளைக்கு அவன் என்கிட்ட வந்துடுவான்."

"நீதான் செஞ்சியா அக்கா?"

"அவன் போயிடக் கூடாதுன்னு செஞ்சேன்."

பிடி இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. ஆனாலும் மூட்டையை நான் விடவில்லை. அதை விட்டால் அவன் கழுத்தில் கயிறு.

"அவன் உயிரோட இருக்கட்டும்," என்று அழுதேன். "அது போதும். வேற என்ன வேணும்னாலும் கேளு, தரேன்."

தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"உன் இடத்தைக் குடு."

அவனை விட்டு விலகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேறெப்படி நினைப்பேன்?

"எடுத்துக்கோ," என்றேன்.

கை விட்டது.

மூட்டை ஓர்சோலாவின் மேலாடைத் துணி. உள்ளே பாஷாணக் குப்பி, அதோடு சேர்த்துக் கட்டிய சரக்கறைச் சாவி. நெரியோ சாவியைப் பார்த்ததுமே யார் வேலையென்று புரிந்துகொண்டார். அவரே எல்லாவற்றையும் நீதிபதியிடம் கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமை காலை நல்தோவை விட்டார்கள். சிறைவாசலில் நான் நிற்கவில்லை. சொன்ன சொல்லுக்குப் பயந்து ஃபெராராவுக்குப் படகு ஏறினேன். அங்கே ஒரு கன்னிமடத்தின் அடுக்களையில் சேர்ந்து, யாருக்கோ ரொட்டி சுட்டுக்கொண்டு, ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்தேன். அதற்குமேல் முடியவில்லை. தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தால் போதும் என்று மடத்து உடையிலேயே மாந்துவாவுக்குத் திரும்பினேன்.

வெயில் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்துக்குப் பின்தெருவில் அவன் வீடு. நான் எதிரே வந்து நின்றதும் கதவைத் திறந்துகொண்டு நல்தோ வெளியே வந்தான். உடம்பு தேறியிருந்தது. முகத்தில் ஒரு குறையுமில்லை.

"நல்தோ."

அவன் என்னை நேராகப் பார்த்தான். கண்களில் மரியாதை மட்டுமே இருந்தது. "யாரைத் தேடுறீங்க, சகோதரி?"

"என்னைத் தெரியலையா? நான் தத்தேயா."

அவன் சிரித்தான். "அட, என் வீட்டுக்காரி பேரும் அதுதான். சிறையிலேருந்து என்னை மீட்டதே அவதான்." உள்பக்கம் திரும்பினான். "தத்தேயா, உன் பேர்லயே ஒருத்தங்க வந்திருக்காங்க, பாரு."

உள்ளேயிருந்து பதில் வந்தது. என் குரலில்.

"நீ உள்ளே வா நல்தோ. அவங்க இடம் மாறி வந்துட்டாங்க."