மூடி வைத்த குவளை

நுரை இறங்கவில்லை. ஈனிட் முதலில் கவனித்தது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆற்றுப் பனி யார்க் நகரத்துச் சந்துகளுக்குள் ஏறி, ஊர் மதில் மறைந்து, மின்ஸ்டர் தேவாலயக் கோபுரம் மறைந்து, அதன் மணி மட்டும் எங்கிருந்தோ அடித்துக்கொண்டிருந்தது. ‘உப்புப் படகு’ பப்பின் பின்னறையில் நிற்கக்கூட இடமில்லை. ஈரக் கம்பளிக் கோட்டு வாடையும் கரிப்புகையும் மாட்டுக்கறி வறுவல் மணமும் ஒன்றாகக் கலந்து தலைக்கு மேல் தொங்கின. ஆட்கள் தட்டை நெஞ்சோடு அணைத்து, குவளையைக் கணப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்து, நின்றபடியே சாப்பிட்டார்கள். ஜன்னலோர மேசை மட்டும் காலியாகக் கிடந்தது. அதன் மேல் கண்ணாடிக் குவளையில் ஒரே ஒரு பைன்ட் பீர். குவளையின் வாயை மூடி ஒரு வட்ட அட்டை.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் கொல்லைப்பக்கம் போயிருக்கிறான், வருவான், இடத்தைத் தொடாதே. ரயில் பெட்டிப் பட்டறைக்காரர்கள் இதற்காகப் பல்லை உடைத்துக்கொண்டதுண்டு. ஒருத்தன் பல்லை அவள் புருஷன் வில்ஃபே உடைத்திருக்கிறான்.

அந்த வில்ஃப் இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாலிபத்திலிருந்து ரயில் பெட்டிகளுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் தகடு அறுத்து அந்தத் தூசியைத் தின்ற ஆள். மூச்சு உள்ளே போகும்போது அரத்தால் தகரத்தை இழுக்கிற சத்தம். வெளியே வரும்போதும் அதே சத்தம். நெஞ்சுப் படத்தைப் பார்த்து நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். என்ன சொல்வார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு வேளை அவன் உட்கார்ந்து, வயிறாரத் தின்று, தன் காலால் நடந்து வீடு வந்து சேர வேண்டும். ஈனிட் வேண்டிக்கொண்டு வந்தது அவ்வளவுதான்.

"வீட்டுக்குப் போயிடலாமா?"

"கறி வாசன மூக்குல ஏறிடுச்சு. இனிமே என்னை இங்கேருந்து தூக்கிட்டுத்தான் போகணும்."

"வாய மூடு. தூக்குறதாம்."

கணப்போரம் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி தலையைத் தூக்கினாள். கைப்பையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். "காலிதான் கண்ணு. அட்டைய எடுத்து வச்சிட்டு உக்காருங்க."

"ஆள் வருவாருல்ல?"

"வந்தா வரட்டுமே."

வில்ஃபின் உதடு நீலம் பூத்திருந்தது. ஈனிட் அட்டையை எடுத்தாள். அதன் மேல் அவ்வளவு தூசி. அவள் விரல் பட்ட இடம் தடமாகப் பதிந்தது. ஆனால் அடியில் பீர் அப்போதுதான் பிடித்தது போல நுரை தளும்பி நின்றது. குவளை ஐஸாகக் குளிர்ந்தது. பின்னறையில் ஒரு கத்தி தட்டில் உரசி நின்றது. பேச்சு நின்றது. யாரோ இருமினார்கள். பிறகு எல்லாம் பழையபடி.

அவள் குவளையை ஜன்னல் திண்டில் தள்ளி வைத்தாள். அட்டையை மேசையிலேயே போட்டாள். வில்ஃப் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டான்.

முன்னறையில் பப்புக்காரி மாவிஸ் பீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "எந்த மேச கண்ணு?"

"ஜன்னலோரம்."

குவளை நிரம்பி அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவள் நிறுத்தவில்லை. "அங்க ஆள் இருக்காங்களே."

"அட்டதான் இருந்துச்சு. எடுத்துட்டேன். என் வீட்டுக்காரரால நிக்க முடியல."

மாவிஸ் கையைத் துடைத்தாள், மெதுவாக, ஒவ்வொரு விரலாக. "எடுத்தாச்சா. சரி. அவரத் தனியா எழுந்திரிக்க விடாத. சாப்பிட்டதும் ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய போயிடுங்க. அந்த அட்டைய மட்டும் மறுபடி எதுமேலயும் வைக்காதீங்க."

"ஏன்?"

"சொன்னா கேளு."

சமையலறைப் புகையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இவள் மண்டைக்கு ஏறிவிட்டது போல, பாவம், என்று நினைத்துக்கொண்டே ஈனிட் குவளைகளைத் தூக்கி வந்தாள். வந்தவள் நடையைக் கூட்டினாள். வில்ஃப் அங்கேயேதான் இருந்தான். மூச்சு வந்தது.

முதலில் யார்க்‌ஷயர் புட்டிங் வந்தது, சுட்ட மாவு கிண்ணம் போலக் குழிந்து, குழம்பு ததும்ப. அவன் குனிந்து அதைக் கிழித்துக் குழம்பில் அழுத்தித் தின்றான். தாடையில் வழிந்ததை அவள் துடைத்துவிட்டாள்.

"எங்கம்மா சுட்டது இதவிட உசரமா வரும்," என்றான்.

"உங்கம்மா சுட்டதுல செருப்புக்கு அடி போடலாம்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும், "கொல்லைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றான்.

"நானும் வரேன்."

"ஒண்ணுக்குப் போகவும் துணையா? இன்னும் அந்த நெலைக்கு வரல புள்ள."

அவள் எழுந்திருப்பாள். எழுந்து கூடவே போயிருப்பாள். ஆனால் அந்த நேரத்தில் ஜன்னல் திண்டில் என்னவோ சீறியது. திரும்பினாள். அந்தப் பழைய குவளையில் நுரை சுருங்கியது. பீர் கறுத்தது, கலங்கியது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கு இறங்கி, பிசினாகிக் காய்ந்தது. அடியில் ஒரு செத்த ஈ.

திரும்பிப் பார்த்தால் வில்ஃபின் நாற்காலி காலி. அவன் முதுகு கொல்லைக் கதவுக்குள் மறைந்தது. மேசையில் அவன் குவளை. குவளை மேல் அந்த அட்டை. பட்டறைக்காரன் கை. எழுந்திருக்கும்போது தானாகவே மூடிவிட்டுப் போகும்.

"வில்ஃப்!"

அவள் ஓடுவதற்குள் கொல்லைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. அப்பாடா, என்றாள்.

அவன் இல்லை. வேறு ஒருத்தன். இளவயது. காலர் இல்லாத சட்டை, இடுப்புவரை நனைந்திருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஆற்றுச் சேற்று நாற்றம். தண்ணீர் அவன் பூட்ஸிலிருந்து தரையில் ஓடியது. ஜன்னலோர மேசையைப் பார்த்தான், தன் வீட்டைத் தேடி வந்தவன் போல.

அறையில் எல்லாரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

ஈனிட் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். செங்கல் கொல்லை. இரண்டு கக்கூஸ் கதவு, இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. பீப்பாய்கள். ஆற்றுக்கு இறங்கும் படி. படிக்குக் கீழே பனி. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. "வில்ஃப்! வில்ஃப்!" குரல் பனியில் பட்டு விழுந்தது. நின்று காது கொடுத்தாள். தண்ணீர் கல்லை நக்கும் சத்தம். பிறகு, அரம். தகரத்தில் அரம். உள்ளே ஒரு இழுப்பு, வெளியே ஒரு இழுப்பு. அவன் மூச்சு. பக்கத்தில்தான். படியில் இல்லை. கக்கூஸில் இல்லை. அவளுக்குப் பின்னால்.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கதவு. பின்னறை. ஆட்கள் விலகினார்கள். மேசை.

குவளை மேல் அட்டை ஏறியது.

இறங்கியது.

நூலளவு ஏறி, நூலளவு இறங்கி. உள்ளே அரம் இழுத்தது.

அவள் அட்டையின் விளிம்பைத் தூக்கினாள்.

மூச்சு நின்றது. அடைத்து நின்றது. குவளைக்குள்ளிருந்து ஒரு திணறல், ராத்திரிகளில் படுக்கையில் அவள் முதுகைத் தட்டித் தட்டிச் சரிசெய்யும் அதே திணறல். அட்டையைப் போட்டாள். ஏறியது. இறங்கியது.

"நீ எடுத்தா ஆகாது கண்ணு."

கிழவி கணப்பை விட்டு எழுந்து வந்திருந்தாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினாள், மழை விட்டுவிட்டது என்று சொல்கிற குரலில். "கட்டினவ எடுத்தா மூச்சு போயிடும். என் வீட்டுக்காரர் போன அன்னிக்கே நானும் எடுத்துப் பாத்தேன். யாராச்சும் வெளியாள் எடுக்கணும். எவன் எடுக்கிறான்? எல்லாம் மரியாதக்காரங்க. மூடி வச்ச குவளையத் தொட மாட்டாங்க."

"நீ... நீதான எடுக்கச் சொன்ன?"

"ஆமா."

"என் புருஷன் நோயாளி. பாத்துட்டுத்தான சொன்ன?"

"எல்லாருகிட்டயும்தான் சொன்னேன். இத்தன வருஷமா, வரவங்க போறவங்க எல்லாருகிட்டயும். நீதான் எடுத்த." அவள் நனைந்தவனிடம் போய் அவன் முழங்கையில் கை கோத்தாள். "பெர்சி. வீட்டுக்குப் போலாமா?"

அவன் அந்தச் சுருங்கிய முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கையை இழுத்தான். அவள் விடவில்லை. தன்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டே, பின்னால் சாய்ந்து சாய்ந்து, அவன் வாசல்வரை இழுபட்டுப் போனான். வாசலில் கிழவி திரும்பினாள்.

"உனக்கென்ன, நீ சின்னவ. காத்திருக்கலாம்."

மாவிஸ் மணியை அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் கடை முடிந்தது. ஆட்கள் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஈனிட் பக்கம் திரும்பாமல் வெளியேறினார்கள். பிறகு ஒரு போலீஸ்காரன் வந்தான். படியில் இறங்கி ஆற்றைப் பார்த்தான். உடம்பு முடியாத மனுஷன், வழுக்குற படி, என்றான். ஈனிட் அட்டையைக் காட்டினாள். பார்த்தான். அவன் கை அதன் பக்கம் நீளவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். உள்ளூர்க்காரன்.

"நீ எடேன்," என்றாள் மாவிஸிடம். "உன் கடைதான? எடு. உன் கால்ல விழறேன்."

மாவிஸ் மேசையைத் துடைத்தாள். குவளையைச் சுற்றி, அதில் படாமல், வட்டமாக. "எடுக்கிறவங்களுக்குச் சொந்தமான உசிரு ஒண்ணு பதிலுக்கு உள்ள போயிடும் கண்ணு. எனக்கும் வீட்ல ஒருத்தர் இருக்காரு."

வில்ஃபின் தட்டில் குழம்பு ஆடை கட்டியது. கணப்போரம் கிழவியின் நாற்காலி காலியாக இருந்தது. நிற்க முடியாமல் ஈனிட் அதில் உட்கார்ந்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

சாயங்காலம் மறுபடி கதவு திறந்தார்கள். கூட்டம். கோட்டு ஈரம். ஒரு இளஞ்ஜோடி உள்ளே வந்தது, வெளியூர்க்காரர்கள். அந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்கியிருந்தது. இடுப்பில் கையை ஊன்றி, உட்கார இடம் தேடி, அறை முழுக்கக் கண்ணால் துழாவினாள். ஜன்னலோரத்தில் அவள் கண் நின்றது.

ஈனிட் அந்த வயிற்றைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். ஏறியது. இறங்கியது. இறங்கியது அதிகமாக இருந்தது. ஏறியது குறைவாக.

மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எப்போது அப்படிப் பிடித்தாள் என்று தெரியவில்லை.

"காலிதான் கண்ணு," என்றாள். "அட்டைய எடுத்து வச்சிட்டு உக்காருங்க."

அந்தப் பையன் சிரித்தான். நல்ல முகம். "இல்லம்மா, யாரோ மூடி வச்சிட்டுப் போயிருக்காங்க. வருவாங்க. தொடறது முறையில்ல."

"எடுப்பா," என்றாள் ஈனிட். "எடு."

அவன் பெண்சாதியின் தோளைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிப் போனான்.

கணப்பில் கரி சரிந்தது. குவளையில் நுரை தளும்பி நின்றது, புதிதாக, வெள்ளையாக.

அட்டை ஏறியது.

இறங்கியது.